தேயிலையின் ஓரம் சிவந்த கதை

அந்தக் காலத்தில் செடிகொடிக்கும் பாறைக்கும் வாய் இருந்தது. வாய் இருந்தால் பொய் வராமல் போகுமா? சீன தேசத்து ஊயி மலையில், ஒரு பாறை இடுக்கில் நின்ற தேயிலைச் செடிக்கும் வந்தது.

அந்தச் செடிக்கு ஒரே கனவு. இன்னும் மூன்று நாளில் அரண்மனை ஆட்கள் மலையேறி வருவார்கள். எந்தச் செடியில் தளிர் தளதளவென்று நிற்கிறதோ, அது அரசருக்கென்று தேர்வாகும். அதனால் காற்று வந்தால்கூட, "மெதுவாப் போப்பா, இலை கசங்குது!" என்று கத்திக்கொண்டிருந்தது.

அன்று காலை சுவேயிங் மூச்சிரைக்க ஏறி வந்தாள். அடிவாரத்தில் தேயிலை பறித்துப் பிழைப்பவள். அவளுடைய சின்ன மகள் நியூநியூவுக்குக் கடும் காய்ச்சல். எதைக் கொடுத்தாலும் வாந்தி.

"ஒரு பிடி தளிர் கொடு. கஷாயம் வெச்சுக் கொடுத்தா பிள்ளை பிழைச்சுக்குவா," என்று கையேந்தினாள்.

செடி என்ன செய்தது தெரியுமா? தளிரையெல்லாம் பாறைப் பக்கம் ஒளித்துக்கொண்டு, காய்ந்த கிளை ஒன்றை மட்டும் நீட்டியது. "என்னத்தைச் சொல்ல! நேத்துப் பெஞ்ச பனியில எல்லாம் கருகிப்போச்சு. எனக்கே குளிர் தாங்கல," என்று நடுங்கியும் காட்டியது. என்ன நடிப்பு!

"அடடா, உனக்குமா?" என்றாள் அந்த அப்பாவி. அழுதுகொண்டே திரும்பினாள்.

பாறை எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தது. சுவேயிங்கை மட்டும் கூப்பிட்டது. "என் இடுக்குல ஊறுற தண்ணியைக் கொண்டு போம்மா. சுட வெச்சு வாய் வாயாக் கொடு. மிச்சம் கடவுள் விட்ட வழி."

இரண்டு நாள் அவள் வரவே இல்லை. பிள்ளைக்கு ஏதாவது ஆகியிருக்குமோ? செடிக்கு உறுத்தத் தொடங்கியது. 'நமக்கென்ன' என்று சொல்லிப் பார்த்தது, மனசு கேட்கவில்லை.

மூன்றாம் நாள் காலை, முதுகில் மூங்கில் தட்டோடு, வேலைக்குப் போகிற வழியில் சுவேயிங் வந்தாள். "கண்ணைத் திறந்துட்டா! கஞ்சி கேட்டா!" என்று பாறையைத் தொட்டுக் கும்பிட்டாள். பிறகு தன்னிடமிருந்த ஒரே பஞ்சுச் சட்டையைக் கழற்றிச் செடிமேல் போர்த்தினாள். "பாவம், குளிருதுன்னியே."

அவள் உதடு குளிரில் வெடவெடத்தது. செடிக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

"எடுத்துடு சுவேயிங். நான் சொன்னது பொய். அரசருக்குன்னு தளிரை ஒளிச்சு வெச்சேன்," என்றது. ஒளித்து வைத்த தளிர்களெல்லாம் வெளியே நீண்டன.

சுவேயிங் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பிறகு வந்தது பாருங்கள் கோபம்! "அடப்பாவி! என் பிள்ளை செத்திருந்தா, உன் அரசரா திருப்பித் தருவாரு?"

ஒரு தளிர் விடாமல் பறித்துத் தட்டில் போட்டு உலுக்கினாள். கை ஓய்ந்ததும் கீழே வைத்து அழுதாள். நினைக்க நினைக்க மறுபடி கோபம், மறுபடி உலுக்கல். உச்சிப்பொழுதுவரை இதே கதைதான். நடுவில் அரண்மனை ஆட்கள் வந்தார்கள். மொட்டைச் செடியைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார்கள்.

கடைசியில் சுவேயிங் சட்டையை மாட்டிக்கொண்டு, தட்டைத் தூக்கிக்கொண்டு இறங்கினாள். நாலடி போனவள் திரும்பிப் பார்த்தாள். திரும்பி வந்து, சட்டையைக் கழற்றி மறுபடியும் செடிக்கே போர்த்தினாள்.

"இப்போ நிஜமாவே குளிருமே உனக்கு," என்றாள்.

அத்தனை உலுக்கலிலும் வாடி மட்டுமே கிடந்த இலைகள் அந்தச் சொல்லைத் தாங்கவில்லை. தட்டில் கிடந்தபடியே, ஓரமெல்லாம் சிவந்துபோயின.

வீட்டுக்கு வந்து வாணலியில் வறுத்தாள். தெருவே பூ வாசம். கொதிநீர் ஊற்றி, முதல் வடிநீரை, "இது பாறைக்கு," என்று தரையில் விட்டாள். இரண்டாவதை மகளுக்குக் கொடுத்தாள்.

அன்று முதல்தான் ஊலாங் என்கிற சீனத் தேயிலை செய்கிறவர்கள் இலையை உலுக்குவதும், ஆறவிடுவதும், மறுபடி உலுக்குவதுமாக இருக்கிறார்கள். குடிக்கிறவர்கள் முதல் தண்ணீரைக் கீழே ஊற்றிவிடுகிறார்கள். தேயிலைச் செடியும் அன்றோடு பேச்சை விட்டது. நம்பவில்லையா? குடித்து முடித்த கோப்பையிலிருந்து ஓர் இலையை எடுத்து விரித்துப் பாருங்கள். நடுவில் பச்சை, ஓரத்தில் சிவப்பு. அந்த வெட்கம் இன்னும் போகவில்லை.