வாடிய செடி

செங்கமலத் தாயின் மடத்துக்கு அரை ஏக்கர் கடலைக்காடு உண்டு. பௌர்ணமிதோறும் ஊருக்குச் சோறு போடும்போது அந்தக் கடலை எண்ணெயில்தான் தாளிப்பார்கள். காட்டைப் பார்த்துக்கொண்டவர் மாசிலாமணி. லாரி ஓட்டி ஓய்ந்து, அறுபது வயதில் சீடராக வந்தவர். குருவான தாயைவிட இருபது வயது மூத்தவர்.

ஒரு காலை அவர் தாயிடம் வந்து நின்றார்.

"தாயே, வேர்ப்புழு விழுந்திருக்கிறது. செடி செத்த குழியிலெல்லாம் குருணை மருந்து போட்டுத் தண்ணீர் விட்டேன். சாவு நிற்கவில்லை. மருந்தும் கால் பைதான் மிச்சம்."

தாய் காட்டுக்கு வந்தார். வாடிய செடி ஒன்றே ஒன்று நின்றது.

"மற்றவை எங்கே?"

"பிடுங்கிக் குப்பைக்குழியில் போட்டு மண்ணை நிரவிவிட்டேன். பார்த்தால், இந்த ஆளிடம் போய்க் காட்டைக் கொடுத்தோமே என்று நினைப்பீர்கள்."

"லாரியில் ஆயில் குறைந்து எச்சரிக்கை விளக்கு எரிந்தால் பல்பைக் கழற்றி எறிவீர்களோ?"

"அப்படிக் கழற்றின டிரைவரும் உண்டு, தாயே."

இருவரும் சிரித்தார்கள்.

"இதை மட்டும் ஏன் விட்டீர்கள்?"

மாசிலாமணி தலை குனிந்தார். "பிடுங்கக் கை போனது. இதையும் பிடுங்கினால் உங்களிடம் சொல்லவே மாட்டேன் என்று பயம் வந்துவிட்டது."

தாய் வாடிய செடியின் அடியைத் தோண்டச் சொன்னார். ஒன்றுமில்லை. பக்கத்தில் பச்சையாக நின்ற செடியின் அடியைத் தோண்டச் சொன்னார். வெள்ளைப் புழு சுருண்டு கிடந்தது.

"செத்த வேரில் அதற்கு என்ன வேலை?" என்றார் தாய்.

மாசிலாமணி கையுறை மாட்டிக்கொண்டார். சுற்றியிருந்த பச்சைச் செடிகளின் அடியில் மிச்ச மருந்தை இட்டு, மண் மூடித் தண்ணீர் விட்டார். பிறகு எந்தச் செடி வாடினாலும் ஓடிவந்து சொன்னார். பக்கத்துச் செடிகளின் அடியைத் தோண்டிப் புழுவைப் பொறுக்கினார்கள். பத்து நாளில் வாட்டம் நின்றது.

கடலை பிடுங்கிய அன்று, மாசிலாமணி முதல் கூடையைச் சுமந்துவந்து தாயின் முன் வைத்தார். கண் கலங்கியிருந்தது.

"காட்டைக் காப்பாற்றிக் கொடுத்தீர்கள். எப்படி நன்றி சொல்வேன், தாயே?"

"புழு இருந்த இடம் எனக்கும் தெரியாது. வாடிய செடிதான் காட்டியது. அதை நீங்கள் பிடுங்கவில்லை. நன்றி நான் சொல்ல வேண்டியது, ஐயா."