மழையில் தாகம் எடுத்த தேரை

கோடையில் இலையெல்லாம் உதிர்ந்து நின்ற ஒரு காட்டில், பாறைகளுக்கு நடுவே ஒரு குட்டை இருந்தது. குட்டை என்பது பெயருக்குத்தான், பிள்ளைகளே. அந்த மாதத்தில் அதில் வெடித்த சேறு மட்டுமே கிடந்தது. தவளைகளும் தேரைகளும் கல்லடியிலும் வேர்ப் பொந்திலும் ஒடுங்கி, மழைக்காகக் காத்திருந்தன.

அங்கே பாறையன் என்று ஒரு தேரை வாழ்ந்தது. முதுகெல்லாம் மரு. நிறமோ காய்ந்த சேற்றின் நிறம். ஆனால் குரலில் அதை மிஞ்ச அந்தக் குட்டையில் ஆள் இல்லை. இழுத்துப் பாடினால் மூச்சு முறியாது. எதிர்க்கரையில் இருப்பவர்கள்கூடத் தலையைத் திருப்பிக் கேட்பார்கள்.

முதல் மழை இறங்கும்போது ஒருவர் பாட்டை எடுக்க, மற்றவர்கள் சேர்ந்துகொள்வது அந்தக் குட்டையின் வழக்கம். அதற்கு முதல் குரல் என்று பெயர். முதல் குரல் நன்றாக அமைந்தால் காட்டின் நாலு பக்கமிருந்தும் பெண்கள் துணை தேடி அங்கே வருவார்கள். கெட்டுப்போனால் பக்கத்துக் குட்டைக்குப் போய்விடுவார்கள்.

எப்போதும் தவளைகளுக்கே போய்க்கொண்டிருந்த முதல் குரல், அந்த ஆண்டு பாறையனுக்குக் கிடைத்தது. மூத்த தவளைகள் கூடி, "குரல் எவனிடம் இருக்கிறதோ அவன் எடுக்கட்டும்" என்று சொல்லிவிட்டன.

தேரைகளுக்குத் தலைகால் புரியவில்லை. சிறுகண்ணி என்ற பெண் தேரை பாறையனிடம் வந்து, "நீ பாடும்போது உன் பக்கத்தில் வந்து உட்காருவேன்" என்றது. தேரைகளில் ஒரு பெண் அப்படிச் சொல்லிவிட்டால் கல்யாணம் பேசி முடித்த மாதிரி.

பொன்னாண்டிக்கு இது பொறுக்கவில்லை. பொன்னாண்டி ஒரு பெரிய தவளை. மேகம் கறுத்தால் போதும், அதன் உடம்பு எலுமிச்சம்பழம் போல மஞ்சளாகிவிடும். அது பூசி வந்த நிறமல்ல, பிறவியில் வந்த நிறம். போன ஆண்டு முதல் குரல் அதனுடையது. பொன்னாண்டி யாரையும் திட்டாது. சிரித்துக்கொண்டே ஒரு வார்த்தை சொல்லும். கேட்டவனுக்கு அது சாகும்வரை ஆறாது.

"என்ன தம்பி, முதல் குரலாமே. சந்தோஷம்" என்றது பொன்னாண்டி.

"ஆமாம் அண்ணே."

"பாட்டில் உனக்குக் குறையில்லை. ஆனால் முதல் குரல் உச்சிப் பாறையில் ஏறி உட்கார வேண்டுமே. மின்னல் வெட்டும்போது முதுகு தெரியுமே."

"என் முதுகுக்கு என்ன?"

"ஒன்றுமில்லை. வற்றலுக்குக் காயப்போட்ட பாகற்காயைப் பார்த்திருக்கிறாயா? அவ்வளவுதான்."

சுற்றியிருந்த தவளைகள் சிரித்தன. பாறையனும் சேர்ந்து சிரித்தது. சிரித்துவிட்டுக் கல்லுக்கு அடியில் போய், முதுகைச் சேற்றில் புதைத்துக்கொண்டது. பிறந்த நாள் முதல் சுமந்த முதுகு அன்றுதான் அதற்குப் பாரமாகத் தெரிந்தது.

மறுநாள் பாறையன் ஆலமரத்தடிக்குப் போனது. அங்கே தாழ்ந்த கிளையில் ஒரு பச்சோந்தி இருந்தது. நிறத்தைப் பற்றி அந்தக் காட்டில் எவருக்கு என்ன சந்தேகம் வந்தாலும் பச்சோந்தியிடம்தான் கேட்பார்கள். கேட்காவிட்டாலும் அது சொல்லும்.

"பச்சையண்ணே, உங்கள் தோல் எப்படி இப்படி இருக்கிறது?"

பச்சோந்தி ஒரு கண்ணால் பாறையனைப் பார்த்தது. மறு கண்ணால் தன் வாலின் அழகைப் பார்த்தது. "சட்டை உரிக்கிற காலத்தில் எனக்கும் நிறம் மங்கும். அப்போது கஸ்தூரி மஞ்சளை அரைத்து, ஆலம்பாலில் குழைத்துப் பூசிக்கொள்வேன். மழை அடித்தாலும் கரையாது."

"எனக்கு ஒத்துக்கொள்ளுமா?"

"எனக்கு ஒத்துக்கொண்டிருக்கிறது. உனக்கு மட்டும் என்ன கேடு? தோல் என்றால் எல்லாம் தோல்தான்."

பாறையன் அங்கேயே மஞ்சளைக் கல்லில் உரசி, ஆலம்பாலில் குழைத்தது. முதலில் பின்னங்காலில் கொஞ்சம் தடவிப் பார்த்தது. சுரீர் என்று எரிந்தது. அழகு வரும்போது கொஞ்சம் எரியத்தான் செய்யும் என்று நினைத்துக்கொண்டு, முதுகு, விலா, தொடை இடுக்கு, அடிவயிறு என்று ஒரு இடம் விடாமல் பூசிக்கொண்டது.

பூச்சு காய்ந்ததும் மருவெல்லாம் மறைந்துவிட்டது. வழியில் விளையாடிக்கொண்டிருந்த தேரைக் குஞ்சுகள் சொந்தச் சித்தப்பாவையே அடையாளம் தெரியாமல் பயந்து ஓடின. பாறையனுக்கு அதுவும் பெருமையாகவே இருந்தது.

சிறுகண்ணி மட்டும் கிட்டே வந்து முகர்ந்து பார்த்தது. "நீயா? என்ன இது? தோல் இழுத்துப் பிடித்திருக்கிறதே. எரியவில்லையா?"

"இல்லை" என்று பொய் சொன்னது பாறையன்.

"நாம் என்ன வாயாலா தண்ணீர் குடிக்கிறோம்? தோல்தானே நமக்கு வாய். அதைப் போய் அடைத்துக்கொண்டு எப்படிப் பாடுவாய்? மழைக்கு முன்னால் சுரண்டி எடுத்துவிடு. நானும் சுரண்டுகிறேன், திரும்பு."

பாறையனுக்கு எரிச்சல் வந்தது. உடம்பின் எரிச்சலையும் சேர்த்துச் சிறுகண்ணியின் மேல் கொட்டியது. "உனக்கென்ன தெரியும்? நாலு பேர் பார்க்க உட்காரப் போகிறவன் நான். நீயும் பக்கத்தில் வந்து உட்காருவதென்றால், அந்தச் சொறி முதுகை ஒரு இலையால் மூடிக்கொண்டு வா."

சொறி என்ற வார்த்தையால் தேரைகளை வைவது தவளைகள்தான். ஒரு தேரையின் வாயிலிருந்து அந்த வார்த்தையை அந்தக் காடு அன்றுதான் கேட்டது.

சிறுகண்ணி வந்த வழியே திரும்பிப் போனது.

அன்று மாலையே மேகம் இறங்கியது. இடி உருண்டது. பெரிய துளிகள் பாறையில் வந்து விழுந்தன. பொந்துகளிலிருந்து எல்லோரும் வெளியே வந்து, மாதக்கணக்கில் காய்ந்த வயிற்றை ஈரத்தில் பரப்பிக் கிடந்தார்கள். தோல் வழியே தண்ணீர் உள்ளே இறங்க இறங்க, ஒட்டிய உடம்புகள் உப்பின. தொண்டைகள் ஈரமாயின.

பாறையன் உச்சிப் பாறையில் ஏறி உட்கார்ந்தது. மின்னல் வெட்டியது. மஞ்சள் உடம்பு பளிச்சென்று தெரிந்தது.

"அடேயப்பா, அது யாரப்பா?" என்றது கீழே ஒரு தவளை.

பாறையன் நெஞ்சை நிமிர்த்தியது. மழை அதன்மேல் கொட்டியது. கொட்டிய மழை, சேம்பு இலையில் விழுந்த தண்ணீர் போல வழுக்கி ஓடியது. ஒரு சொட்டுகூட உள்ளே இறங்கவில்லை. காடே குடித்துக்கொண்டிருந்தபோது பாறையனுக்கு மட்டும் தாகம் ஏறியது. வாயைத் திறந்து மழையை ஏந்திப் பார்த்தது. அந்த வாய்க்குக் குடித்துப் பழக்கமில்லை. புரையேறியது.

"எடு தம்பி, காத்திருக்கிறோம்" என்றது பொன்னாண்டி.

பாறையன் பாட்டை எடுத்தது. சுள்ளி முறிவது போல ஒரு சத்தம் வந்தது. மறுபடி எடுத்தது. அதுவும் வரவில்லை.

தூரத்தில் பக்கத்துக் குட்டைக்காரர்கள் பாடத் தொடங்கியது கேட்டது. கரைக்கு வந்திருந்த பெண்கள் அந்தப் பக்கம் தலையைத் திருப்பினார்கள்.

"தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். இந்தத் தேரை தன் தோலால் கெட்டது" என்றது பொன்னாண்டி. பிறகு அதுவே பாட்டை எடுத்தது. தவளைகள் எல்லாம் அதனோடு சேர்ந்துகொண்டன. திரும்பிய பெண்கள் நின்றார்கள். முதல் குரல் பொன்னாண்டிக்கே போய்விட்டது. பாறையின் கீழே உட்கார்ந்திருந்த தேரைகள் தலையைக் குனிந்துகொண்டன.

பாறையன் பாறையிலிருந்து சறுக்கி விழுந்தது. பூச்சுக்கு அடியில் தோல் வெந்துபோயிருந்தது. காலை மடக்க முடியவில்லை. ஆலமரம் பக்கத்தில்தான் இருந்தது. "பச்சையண்ணே, இதை எப்படி எடுப்பது?" என்று ஈனக் குரலில் கேட்டது.

"நான் என் தோலுக்குச் சொன்னேன். உன் தோலைப் பற்றி எனக்கென்ன தெரியும்?" என்ற பச்சோந்தி, கிளையின் நிறத்துக்கு மாறிக்கொண்டது.

அப்போது சிறுகண்ணி வந்தது. பாறையனின் முதுகில் முன்னங்காலை ஊன்றி, "சட்டையோடு உரித்தால்தான் வரும். பல்லைக் கடித்துக்கொள் என்று சொல்லலாம் என்றால் நமக்குப் பல்லும் இல்லை" என்றது. சொல்லிவிட்டு முதுகின் நடுவில் பிடித்து இழுத்தது.

மஞ்சள் பூச்சோடு தோல் கிழிந்து வந்தது. உரித்த சட்டையைத் தேரைகள் கீழே போட்டுவிட்டுப் போகமாட்டா. யாருடைய சட்டையோ அவரே அதை விழுங்கியாக வேண்டும். எல்லாத் தேரைகளும் மறைவில் போய்ச் செய்கிற காரியம் அது. பாறையனால் மறைவுக்கு நகர முடியவில்லை. மின்னல் வெட்ட வெட்ட, பாடிக்கொண்டிருந்த அத்தனை பேரின் கண்ணெதிரே, பூசிய மஞ்சளையும் ஆலம்பாலையும் வாய் ஒட்ட ஒட்டத் தின்றது. கண்ணை மூடிக்கொண்டு தின்றது. மூடினாலும் மின்னல் தெரிந்தது.

உள்ளே இருந்தது அதே முதுகு. அதே மரு. இப்போது சிவந்து வேறு இருந்தது. மழை அதில் பட்டதும் தண்ணீர் இறங்கியது. பாறையன் நெடுநேரம் குடித்தது. தொண்டை ஈரமானது.

"சிறுகண்ணி, இப்போது குரல் வரும் போலிருக்கிறது. பக்கத்தில் உட்காருகிறாயா?" என்று நிமிர்ந்து பார்க்காமல் கேட்டது.

"தோலை உரித்துவிடுவது தேரைக்குத் தேரை செய்ய வேண்டியது. செய்துவிட்டேன்" என்றது சிறுகண்ணி. "பக்கத்தில் உட்கார என்னிடம் இலை இல்லை."

அது போன பிறகு பாறையன் பாடியது. குரல் பழையபடி வந்தது. மூச்சு முறியாத அதே குரல். ஆனால் அதற்குள் வந்தவர்கள் எல்லோருக்கும் துணை அமைந்துவிட்டது. கேட்கக் கரையில் யாரும் இல்லை.

அடுத்த ஆண்டு மூத்த தவளைகள் கூடியபோது தேரைகளின் பேச்சே எழவில்லை. எழுப்பத் தேரைகளும் போகவில்லை.

இதில் உள்ள நீதி: தன் தோலுக்கு வெட்கப்பட்டு, ஒவ்வாததை அள்ளிப் பூசிக்கொண்டவன், கடைசியில் தன் செயலுக்கு வெட்கப்பட்டு நிற்பான்.