ஆசீர் அண்ணாச்சிக்கு எந்த பிக்கப்?

ஆசீர் கிட்டார் கற்றுக்கொள்ள வந்தபோது அவருக்கு வயது ஐம்பத்திரண்டு. சொல்லிக்கொடுத்த கிளாடிஸுக்கு இருபத்தேழு.

தூத்துக்குடியில் கடற்கரைச் சாலைக்குப் பக்கத்தில் ஒரு மாடி அறை. அங்கேதான் கிளாடிஸ் கிட்டார் சொல்லிக்கொடுத்தார், பழுதும் பார்த்தார். ஆசீர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவர். கை கனமான கை. முதல் நான்கு மாதத்தில் பதினோரு கம்பிகளை அறுத்தார்.

"இது கிட்டாரு அண்ணாச்சி. கப்பல் இல்ல" என்று கிளாடிஸ் சிரிப்பார்.

ஆசீரும் சிரிப்பார். அடுத்த வாரம் புதுக் கம்பியோடு வருவார். கிளாடிஸ் அறைக்குள் வந்தால் எழுந்து நிற்பார். ஆரம்பத்தில் கிளாடிஸுக்கு அது கூச்சமாக இருந்தது. சொல்லிப் பார்த்தார். அவர் கேட்கவில்லை. பிறகு விட்டுவிட்டார்.

அப்படியே நான்கு ஆண்டுகள் போயின. ஒரு சனிக்கிழமை காலை, பாடம் முடிந்ததும் ஆசீர் கேட்டார்.

"டீச்சர், என் கிட்டாருக்கு ஒரு பிக்கப் வைக்கணும். எது நல்ல பிக்கப்?"

பிக்கப் என்பது கிட்டாரில் பொருத்துகிற சின்னக் கருவி. கிட்டாரின் அதிர்வை வாங்கி ஸ்பீக்கருக்கு அனுப்பும். அது இல்லாவிட்டால் மரக் கிட்டாரின் சத்தம் பெரிய கூடத்தில் நாலைந்து வரிசையைத் தாண்டாது.

"திடீர்னு எதுக்கு?"

"அறுப்பின் பண்டிகை வருதுல்லா. கோயில்ல வாசிக்கச் சொல்லியிருக்காவ. அறுநூறு பேராவது இருப்பாவ."

"தனியாவா?"

"இல்ல. பியூலா பாடுதா."

கிளாடிஸ் கையிலிருந்த திருப்புளியைக் கீழே வைத்தார்.

பியூலா ஆசீரின் மனைவி. இருபது ஆண்டுகள் அந்தத் தேவாலயத்தின் பாடகர் குழுவில் முதல் குரல். ஒன்றரை ஆண்டுக்கு முன்பு கழுத்தில் தைராய்டு அறுவை சிகிச்சை நடந்தது. விழித்தபோது குரல் இல்லை. ஐந்து மாதம் ஒரு சிலேட்டில் எழுதிக் காட்டித்தான் வீட்டை நடத்தினார். பிறகு குரல் மெல்லத் திரும்பியது, பாதி மட்டும். அதற்குப் பின் அவர் கோயிலில் பாடவில்லை. பாடகர் குழு எழுந்து நிற்கும்போது குனிந்து பைபிளைப் புரட்டிக்கொண்டிருப்பார்.

"அக்கா சம்மதிச்சிட்டாங்களா?"

"குருவானவர் வீட்டுக்கே வந்து கேட்டாரு. மூணு நாளு யோசிச்சா. நாலாவது நாளு, நீங்க கூட வாசிச்சா பாடுதேன்னுட்டா."

"இப்ப எப்படிப் பாடுறாங்க?"

"வீட்டுல நல்லாத்தான் பாடுதா. மேல ஏறும்போதுதான் நடுவுல உடைஞ்சிருது." ஆசீர் கிட்டாரின் உறையை மூடினார். மறுபடி திறந்தார். "அதான் டீச்சர், நல்லா ஓங்கிக் கேக்கிற பிக்கப்பா சொல்லுங்க. அவ உடையிற இடத்துல நான் பலமா வாசிச்சேன்னா மூடிக்கிடும்லா. ஒருத்தருக்கும் தெரியாது."

"இதை அக்காகிட்ட சொன்னீங்களா?"

"சொல்லுவனா?"

கிளாடிஸ் சுவரோரம் இருந்த தன் கிட்டார்களைப் பார்த்தார்.

"செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அக்காவைக் கூட்டிட்டு வாங்க."

"பிக்கப் கிட்டாருக்குத்தான டீச்சர்?"

"ஆமா. அக்காவைக் கூட்டிட்டு வாங்க."

செவ்வாய்க்கிழமை இருவரும் வந்தார்கள். பியூலா மாடிப்படி ஏறிய களைப்பில் கொஞ்சம் தண்ணீர் கேட்டுக் குடித்தார். கழுத்தில் தழும்பு தெரியாமல் இருக்க முந்தானையைச் சுற்றியிருந்தார். கிளாடிஸ் அவரை வெளியே தளத்துக்கு அழைத்துப்போய்க் காதில் ஏதோ சொன்னார். பியூலா முதலில் வேண்டாம் என்பதுபோலக் கையை ஆட்டினார். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"என்ன ரகசியம்?" என்றார் ஆசீர்.

"பொம்பளைங்க பேச்சு" என்றார் பியூலா.

அறைக்குள் இரண்டு கிட்டார்கள் தயாராக இருந்தன. இரண்டும் கிளாடிஸுடையவை. ஒவ்வொன்றிலும் ஒரு வகை பிக்கப்.

"ஒண்ணு ஒண்ணா வாசிங்க. அக்கா பாடுவாங்க. எது வேணும்னு நீங்களே சொல்லுங்க."

பண்டிகைக்குப் பாடப்போகும் பாட்டு பியூலாவின் அப்பா எழுதியது. அவர் ஒரு கிராமத்துச் சபையில் உபதேசியாராக இருந்தவர். 'விதைத்த கைகள் வெறுமையாகவில்லை' என்று தொடங்கும். ஆசீருக்கு அது தலைகீழாகத் தெரியும்.

முதல் கிட்டாரில், நடுவில் இருக்கும் வட்டத் துளையின் குறுக்கே காந்தப் பட்டை ஒன்று பொருத்தியிருந்தது. ஆசீர் கம்பிகளைத் தட்டினார். சத்தம் தடித்து உருண்டு வந்தது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. அவர் முகம் மலர்ந்துவிட்டது. பாட்டு முடியும்வரை கண்ணை மூடி வாசித்தார்.

"எப்படி அண்ணாச்சி?"

"அருமை டீச்சர். நாந்தான் வாசிக்கேனான்னு இருக்கு."

"அக்கா என்ன பாடினாங்க?"

"அவங்க அப்பா பாட்டுதான். விதைத்த கைகள்."

"சரி. அடுத்தது."

இரண்டாவதில் பிக்கப் வெளியே தெரியவில்லை. கம்பிகள் உட்காரும் வெள்ளைக் கட்டைக்கு அடியில் நூல் மாதிரி ஒளிந்திருந்தது. இதன் சத்தம் கூர்மையாக இருந்தது. ஒவ்வொரு கம்பியும் தனித்தனியாக மணிபோல ஒலித்தது. ஆசீர் தன் விரல்களையே பார்த்துக்கொண்டு வாசித்தார். பியூலா பாடிக்கொண்டே ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள்கள் குலுங்கின.

பாட்டு முடிந்ததும் ஆசீர் பயந்துபோய்க் கேட்டார். "ஏ பிள்ள, தொண்டை வலிக்கா?"

"இல்லங்க. ஒண்ணும் இல்ல."

"எப்படி அண்ணாச்சி?" என்றார் கிளாடிஸ்.

"இது அதைவிட நல்லாருக்கு. கடைசி வரிசைக்கும் போயிரும்."

"அக்கா என்ன பாடினாங்க?"

"என்ன டீச்சர் திரும்பத் திரும்பக் கேக்கிய? அதே பாட்டுதான்."

கிளாடிஸ் தலையை அசைத்தார். ஆசீருடைய சொந்தக் கிட்டாரை வாங்கினார். ஒரு ரூபாய் நாணயம் அளவுள்ள வட்டமான பிக்கப்பை எடுத்து, துளைக்குள் கையை விட்டு மேல்மரத்தின் உட்பக்கத்தில் ஒட்டினார். வயரை ஸ்பீக்கரில் சொருகினார்.

ஆசீர் வழக்கம்போல ஓங்கித் தட்டினார். கம்பிச் சத்தத்தோடு அவர் விரல் மரத்தில் இடித்ததும் கேட்டது. மணிக்கட்டு உரசியது கேட்டது. சட்டைப் பொத்தான் கிட்டாரின் முதுகில் பட்டதுகூடக் கேட்டது.

"என்ன டீச்சர் இது? ஆட்டோ ஓடுற மாதிரி இருக்கு."

"இது மரத்தோட சேர்ந்து கேக்கும். நீங்க என்ன செஞ்சாலும் சொல்லிரும்."

"அப்ப எப்படி வாசிக்க?"

"வாசிச்சுப் பாருங்க."

ஆசீர் கையைக் கொஞ்சம் தளர்த்தினார். இடி குறைந்தது. இன்னும் தளர்த்தினார். பொத்தான் படாமல் கிட்டாரைச் சற்றுத் தள்ளிப் பிடித்தார். மூச்சைக்கூட அடக்கினார். இப்போது மரத்தின் சத்தம் வந்தது. பக்கத்தில் உட்கார்ந்து யாரோ வாசிப்பதுபோல இருந்தது.

பியூலா பாடத் தொடங்கினார்.

இரண்டாவது வரியில் ஆசீரின் கை நின்றது.

"ஏ பிள்ள, என்ன பாடுத?"

பியூலா நிறுத்தாமல், முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு, அதே ராகத்தில் பாடினார்.

"சந்தைக்குப் போன கைகள் கறிவேப்பிலை வாங்கவில்லை…"

ஆசீர் கிட்டாரை மடியில் சாய்த்துக்கொண்டு சிரித்தார். பியூலாவும் நாற்காலியில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கிளாடிஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"இப்பத்தான் கேட்டுதா? முதல்ல நீங்க பால் பாக்கெட்டை வெளிய வெச்சு மறந்ததைப் பாடினேன். அடுத்தது உங்க தங்கச்சியையும் அவ மருமகளையும் சேர்த்துப் பாடினேன். நீங்கபாட்டுக்குத் தலையை ஆட்டுதிய!"

"நெசமாவா?"

"டீச்சரைக் கேளுங்க."

சிரிப்பு அடங்கியது. ஆசீர் முதல் இரண்டு கிட்டார்களையும் பார்த்தார். தன் கிட்டாரைப் பார்த்தார். முகத்தில் கவலை வந்தது.

"ஆனா டீச்சர், இதை வெச்சு மூட முடியாதே."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்குத் தெரிந்தது.

"எதை மூட?" என்றார் பியூலா.

ஆசீர் ஸ்பீக்கர் வயரைச் சுருட்டத் தொடங்கினார். கீழே சாலையில் ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டே போனது.

பியூலா கழுத்தில் சுற்றியிருந்த முந்தானையை எடுத்து மடியில் போட்டார்.

"ஆசுபத்திரியில பஞ்சும் துணியும் வெச்சு மூடினாவ. வெளியில வந்தப்புறம் நானே மூடிக்கிட்டேன். நீங்களுமா?" குரலில் கோபம் இல்லை. "உடைஞ்சா உடையட்டும்ங்க. எங்கப்பா பாட்டு. அவருக்குத் தெரியாத உடைசலா?"

ஆசீர் குனிந்து தன் கிட்டாரின் மரத்தைத் தடவினார். பிறகு கிளாடிஸிடம் சொன்னார்.

"இதையே ஒட்டிருங்க டீச்சர்."

பண்டிகை நாளில் கோயில் நிரம்பியிருந்தது. விளைச்சலுக்கு நன்றியாகத் தூண்களில் வாழைக்குலையும் கரும்பும் கட்டியிருந்தார்கள். ஒலிபெருக்கிக்காரர் கிட்டாரின் சத்தத்தை ஏற்றி வைத்தார். ஆசீர் எழுந்துபோய் அவர் காதில் ஏதோ சொல்லிவிட்டு வந்தார். சத்தம் இறங்கியது.

பியூலா வெள்ளைச் சேலையில் மைக் முன்னால் நின்றார். முந்தானை தோளில் கிடந்தது, கழுத்தில் இல்லை.

முதல் சரணம் நன்றாகப் போனது. இரண்டாவதும் போனது. மூன்றாவதில் குரல் மேலே ஏறும்போது உடைந்தது. வெறும் காற்று மட்டும் வந்தது. முன் வரிசையில் இருந்த பெண்கள் தலைகுனிந்தார்கள்.

ஆசீரின் வலது கை கனத்தது. ஓங்கித் தட்ட வேண்டும்போல இருந்தது. நான்கு ஆண்டுகளாக அந்தக் கைக்கு எளிதாக வந்தது அது ஒன்றுதான். அவர் தட்டவில்லை. அடிக்கம்பி ஒன்றை மட்டும் கட்டைவிரலால் தொட்டார். மறுபடி தொட்டார். பியூலாவையே பார்த்துக்கொண்டு, அதே இடத்தில் நின்று, தொட்டுக்கொண்டே இருந்தார்.

பியூலா மூச்சு இழுப்பது ஒலிபெருக்கியில் கேட்டது. பிறகு விட்ட வரியைக் கீழேயிருந்து பிடித்தார். மெல்ல ஏறினார். பாட்டை முடித்தார்.

கோயிலில் கைதட்ட மாட்டார்கள். ஆனால் குருவானவர் அடுத்த ஜெபத்தைத் தொடங்கக் கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டார்.

அடுத்த சனிக்கிழமை ஆசீர் பாடத்துக்கு வந்தார். கிளாடிஸ் வந்ததும் எழுந்து நின்றார். உட்கார்ந்தார். கிட்டாரை எடுக்கவில்லை.

"எப்படிப் போச்சு அண்ணாச்சி?"

"மூணாவது சரணத்துல உடைஞ்சிட்டு டீச்சர்."

"எல்லாருக்கும் கேட்டுதா?"

"கேட்டுது."

"திரும்பி வந்தது?"

"அதுவும் கேட்டுது. வெளிய வந்ததும் பொம்பளைங்க எல்லாம் அவளைச் சுத்திக்கிட்டாவ. பழைய குரலைவிட இதுதான் நல்லாருக்குன்னு ஒரு அம்மா சொல்லுதாவ. பியூலா வீடு வார வரைக்கும் பேசிக்கிட்டே வந்தா."

"அப்புறம் ஏன் முகம் இப்படி இருக்கு?"

ஆசீர் மூடிய உறையைப் பார்த்தார்.

"கீபோர்டு வாசிக்கிற தம்பி சொல்லுதான், அண்ணாச்சி, பாட்டு நல்லாருந்துது, உங்க கிட்டாருதான் கேக்கவே இல்லன்னு. ரெண்டு மூணு பேரு அப்படித்தான் சொன்னாவ. நாலு வருஷமா படிக்கேன் டீச்சர். முதல் தடவை கோயில்ல வாசிக்கேன். ஒருத்தருக்கும் கேக்கலயேன்னு கொஞ்சம் இருக்கத்தான் செய்யிது. உங்ககிட்ட மறைக்க முடியுமா?"

கிளாடிஸ் அவர் கிட்டாரை உறையிலிருந்து எடுத்தார். துளைக்குள் விரலை விட்டு, பிக்கப் ஒட்டியிருந்த இடத்தைத் தடவிப் பார்த்தார்.

"அக்காவுக்குக் கேட்டுதா?"

"அவளுக்குக் கேட்டுதாம். அந்த ஒத்தைக் கம்பியைப் பிடிச்சிக்கிட்டுத்தான் மேல வந்தேன்னு சொன்னா."

கிளாடிஸ் கையை வெளியே எடுத்தார். கிட்டாரை அவரிடம் நீட்டினார்.

"அப்ப சரியான இடத்துலதான் ஒட்டியிருக்கேன் அண்ணாச்சி."