தட்டினா விடணும்

தூத்துக்குடி ஐஸ் கம்பெனியில் வேலை பார்த்த மரியசெல்விக்கு ஒரே ஆசை, பிரேசில் ஜியு-ஜிட்சுங்கிற பிடிச்சண்டை கத்துக்கணும். குள்ளமான ஒருத்தி மலை மாதிரி ஆளைத் தரையில் அமுக்கிப் பிடித்ததைப் போனில் பார்த்ததிலிருந்து அப்படி. போய்க் கேட்ட இடமெல்லாம் கராத்தே, இல்லாட்டி சிலம்பம். கடைசியில் ஒரு மாடியில் அந்தப் பேரிலேயே போர்டு தொங்கியது.

உள்ளே கிராண்ட் மாஸ்டர் ஜெபராஜ், பிள்ளைகளைக் கூட்டிவந்த பெற்றோர் முன்னால் மீசையைத் தடவினார். "நீயா? என் பிடியிலேர்ந்து வெளிய வா, சேத்துக்கிடுதேன்" என்று அவள் கையை முறுக்கிப் பிடித்தார். ஆனை பலம். திமிறிப் பிரயோஜனமே இல்லை.

செல்வி அவர் தோளில் ரெண்டு தட்டு தட்டினாள்.

"என்ன புள்ள, தட்டிக் குடுக்கியா? இன்னும் இறுக்கட்டா?"

"தோத்துட்டேன்னு அர்த்தம் மாஸ்டர். தட்டினா விடணும். இந்த விளையாட்டுல அதுதான் முதல் பாடம். உங்களுக்கு யாரும் சொல்லலையா?"

பெற்றோர் கொல்லென்று சிரித்தார்கள். மாஸ்டரின் பிடி தானாக நழுவிப்போச்சு.

"வெளிய வந்துட்டேன்ல? சேர்க்க வேண்டாம். நிஜமாச் சொல்லித்தர்ற இடத்தைச் சொல்லுங்க, போதும்."

அவர் தலையைச் சொறிந்தார். "பேரு எடுப்பா இருக்குன்னு மாட்டிட்டேம்மா. பாளையங்கோட்டைல என் தங்கச்சி மகன் நடத்துதான். முறையாப் படிச்சவன். இரு, நானே போன் போடுதேன்."

இதுவரை ஒருத்தரும் அவளுக்கு வழிகூடக் காட்டியதில்லை. செல்விக்குக் கண் கலங்கிவிட்டது.

"ரொம்ப நன்றி மாஸ்டர். போர்டை மட்டும் கழட்டிராதீங்க. என்னை மாதிரித் தேடுறவங்க முதல்ல இங்கதான் வருவாங்க. நீங்கதான் வழி சொல்லணும்."