வரிக்கல்லில் ஒரு கூந்தல்

போச்சம்பள்ளிக்குக் கிழக்கே ஒரு கல்லுடைக்கும் களத்தில், துருத்தி ஊதி உளி காய்ச்சிக்கொண்டிருந்த சடையம்மாளிடம் 1987 ஆடி மாதம் கேட்ட கதை இது. அவர் சொன்ன வரிசையை மாற்றவில்லை.

அந்தக் காலத்தில் கல்லுக்கு வாய் இருந்தது. பூமி முழுவதும் நெருப்புக் குழம்பு. அதுவே எல்லோருக்கும் தாய். காய்ச்சிய பாலில் ஆடை படிவதுபோல அதன்மீது முதலில் படிந்த வெள்ளைக் கல்லின் பெயர் வெளுத்தாள். கனமில்லாதவள். மழை பெய்து கடல் நிறைந்தபின், கடலடியில் அவள் தங்கை கருத்தாள் கரும்பாறையாகப் பிறந்தாள். வயது ஏற ஏறக் கருத்தாளின் உடம்பு கனக்கும். கனத்ததும் தாயிடம் இறங்கிவிடுவாள். அங்கே உருகி, புதிதாய்ப் பிறந்து மேலே வருவாள். வந்தவளுக்குப் பழைய நினைவு ஒன்றும் இராது. யார் நீங்கள் என்று வெளுத்தாளிடம் கேட்பாள். உன் அக்கா என்று வெளுத்தாள் முதலிலிருந்து சொல்லத் தொடங்குவாள். பழகி, வாய் நிறைய அக்கா என்று அழைக்கும்போது தங்கைக்கு இறங்கும் வேளை வந்துவிடும்.

ஒருமுறை வெளுத்தாளால் தாங்க முடியவில்லை. தானும் தாயிடம் வருவதாகச் சொன்னாள். கருத்தாள் சிரித்தாள்.

"தக்கையைக் கிணற்றில் அமுக்கின மாதிரிதான். சரி, என் கூந்தலைப் பிடித்துக்கொள்."

இருவரும் இறங்கினார்கள். தாயின் அனல் முகத்தில் பட்டது. வெளுத்தாளின் உடம்பு நெகிழ்ந்தது, மடிந்தது, குழைந்தது. அதற்குக் கீழே மட்டும் போகவில்லை. அவள் பிடித்திருந்ததால் கருத்தாளும் பாதியில் தொங்கினாள்.

"விடு அக்கா. நீ பிடித்திருந்தால் நானும் போய்ச் சேர மாட்டேன்."

"திரும்பி வந்தால் என்னைத் தெரியுமா உனக்கு?"

கருத்தாள் பொய் சொல்லவில்லை. "தெரியாது. நீதான் சொல்லேன், எப்போதும்போல."

வெளுத்தாள் கையை விட்டாள். விட்ட வேகத்தில் மேலே வந்து, வெட்டவெளியில் தனிக் குன்றாக நின்றாள். கைக்குள் அகப்பட்ட கூந்தல் இழைகள் அவள் உடம்போடு குழைந்து வரிகளாயின. கடல் அதற்குள் வெகுதூரம் விலகிவிட்டது. புதிதாய்ப் பிறந்த தங்கை அந்தப் பக்கம் வரவே இல்லை. யார் தட்டினாலும் அவள்தான் என்று எண்ணி வெளுத்தாள் கணீரென்று குரல் கொடுப்பாள்.

வரிக்கல் வெள்ளையும் கறுப்புமாக இருப்பது அன்று முதல்தான். கல்லுடைப்பவர்கள் முதல் அடி அடித்ததும், ஒலி அடங்கும்வரை சுத்தியலை ஓங்காமல் நிற்பதும் அன்று முதல்தான். தங்கை பதில் சொன்னாலும் சொல்லலாம்.

பாலக்கோட்டுப் பக்கம் சொல்பவர்கள் முடிவை மாற்றுகிறார்கள். அவர்கள் கதையில் வெளுத்தாள் கையை விடுவதில்லை. தங்கையையும் இழுத்துக்கொண்டே மேலே வந்துவிடுகிறாள். குன்றின் நடுவே சுவர்போல் ஓடும் கரும்பாறை கருத்தாள்தானாம். அந்தக் களங்களில் முதல் அடிக்குப் பின் யாரும் காத்திருப்பதில்லை.