வெள்ளைச் சுவரும் கண்ணாப்பையும்

ஏன், குருன்னா தாடி வச்சுக்கிட்டு ஆலமரத்தடியில உக்காரணும்னு எதாவது சட்டம் இருக்கா? இருந்தா காட்டு. ஜெபசெல்வி மேடம் காட்டன் சேலையும் மூணடுக்கு டிபன் கேரியருமா டவுன் பஸ்ஸுல இறங்கி வருவா. அவதான் குரு. சிஷ்யனவிட மூணு வயசு சின்னவ. அதுக்கு என்ன செய்யச் சொல்லுத?

சிஷ்யன் நம்ம நயினார். என் ஓரகத்தி மவன். பஸ்ஸுக்குப் பாடி கட்டுற பட்டறையில இருவது வருசம் தகரம் தட்டுனவன். பட்டறையில இருந்துகிட்டே பரீச்சை எழுதி எழுதி இஞ்சினியர் ஆனான். தலை நரைச்சப்புறம் யுனிவர்சிட்டிக்கு, இந்த மேடத்துக்கிட்ட ஆராய்ச்சி பண்ணப் போனான். மொத நாளு வாட்ச்மேன் அவனைப் புரொபசர்னு நெனைச்சு சல்யூட் அடிச்சிருக்கான்.

ஆராய்ச்சி முடிச்சு வெளிய வந்தப்புறம் ஒரு நாள் மத்தியானம், அந்த ஆராய்ச்சி ரூமுக்கே திரும்பி வந்து மேடம் முன்னால நின்னான்.

"மேடம், வண்டிக்குக் கண்ணு தெரியல."

மேடம் தயிர்சாதம் பிசைஞ்சுகிட்டு இருந்தா. நிமிரல.

"எங்க தெரியல?"

"புது ஆபீஸுல."

"எங்க தெரிஞ்சுது?"

"இங்க. இந்த ரூமுல. மூணு வருசமும்."

"உக்காருங்க நயினார் சார்."

அவன் உக்காரல.

வண்டின்னா, ஆஸ்பத்திரியில மருந்து மாத்திரையச் சுமந்துகிட்டு ஆள் தள்ளாம தானா போற வண்டி. நெத்தியில ரெண்டு கேமரா. ரெண்டும் எதிர்ல ஒரே புள்ளியப் பிடிச்சு, அது எவ்வளவு தூரம்னு கணக்குப் போடும். ரெண்டு எதுக்குன்னு கேக்காத. என் நாத்தனா புரை எடுத்துட்டு ஒரு கண்ணக் கட்டிக்கிட்டு வந்தவ, மருமவனுக்குக் காப்பி ஊத்துதேன்னு டம்ளருக்கு வெளிய அவரு வேட்டியில ஊத்துனா. அதுக்கப்புறம் அந்த மனுசன் அந்த வீட்டுல காப்பியே குடிக்கல. அது வேற கதை.

அந்த ரூமுல சுவத்தப் பாத்து வண்டிய விட்டா, ஒரு சாண் இருக்கும்போது நிக்கும். மூணு வருசத்துல ஒரு நாள்கூட முட்டல. அத நம்பித்தான் நயினார் கம்பெனி ஆரம்பிச்சான். பதினொரு பேரு இருந்த வேலைய விட்டுட்டு அவன்கூட வந்தாங்க. பைபாஸ் ரோட்டுல ஆபீஸ். அங்க போன நாள்லருந்து முட்டுது. லென்ஸத் தொடச்சாச்சு. கேமராவ மாத்தியாச்சு. புரோகிராம மூணு தடவ எழுதியாச்சு. முட்டுது.

"வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரிக்காரங்க பாக்க வாராங்க மேடம். அவங்க முன்னால முட்டுச்சுன்னா பதினொரு பேரையும் வீட்டுக்குப் போகச் சொல்லணும்."

"இன்னிக்கு என்ன கிழமை?"

"செவ்வாய்."

"நான் என்ன செய்யணும்?"

"இந்த ரூமத் திருப்பிக் குடுங்க."

வெளிய வராந்தாவுல ரெண்டு பெயிண்டர் டீ குடிச்சுகிட்டு இருந்தாங்க. பக்கத்துல வாளி. ரூம வேற பிள்ளைகளுக்குக் குடுக்கப் போறாங்க, வெள்ளையடிக்கணும்னு ஆர்டர். வரும்போதே நயினார் அந்த வாளியப் பாத்துட்டான். 

"அடிக்கச் சொல்லாதீங்க மேடம். இந்த ரூமுல என்னமோ இருக்கு."

"என்ன இருக்கு?"

அவன் சுவத்தப் பாத்தான். ஒரு ஐப்பசி மழையில ஒழுகி இறங்குன துருக்கறை, அடியில வாளி வச்ச வட்டம். பென்சில்ல யாரோ கிறுக்குன கணக்கு. டேப்ப உரிச்சதுல பேந்த சுண்ணாம்பு. டீக்கடை போன் நம்பரு. நடுவுல மஞ்சளா ஒரு கைத்தடம். மொத மொத வண்டிய விட்டு, அது முட்டாம நின்ன அன்னிக்கு, சோத்தப் பாதியில விட்டுட்டு எந்திரிச்சு ஓடி வந்து, சாம்பார்க் கையோட நயினார் அறைஞ்ச அறை. அன்னிக்கு இருந்தது நாலே பேரு. ஒரு ஃபேனு. அதுவும் அடிச்சாத்தான் சுத்தும். அப்படி ஒரு சிரிப்பு அவன் பின்னால சிரிக்கவே இல்லன்னு அவன் பொஞ்சாதி சொல்லுவா.

"தெரியல மேடம். ஆனா என்னமோ இருக்கு."

"வண்டியக் கொண்டாந்திருக்கீங்களா?"

"லோடு ஆட்டோவுல நிக்கி."

"இறக்குங்க."

இறக்கி விட்டான். வண்டி சுவத்தப் பாத்துப் போச்சு. ஒரு சாண். நின்னுது.

"பாத்தீங்களா?"

மேடம் கேரியர மூடி வச்சுட்டு எந்திரிச்சா. பீரோவுக்குப் பின்னாலருந்து பழைய ஃபிளெக்ஸ் பேனர் ஒண்ண உருவுனா. எதோ கருத்தரங்கு பேனர். சீஃப் கெஸ்டு மூஞ்சியச் சுவத்துப் பக்கம் திருப்பி, முதுகு வெளிய தெரிய ஆணியில மாட்டுனா. முதுகு வெள்ளை வெளேர்னு.

"இப்ப விடுங்க."

விட்டான். வண்டி போயி சீஃப் கெஸ்டு முதுகுல முட்டுச்சு.

நயினார் ஓடிப்போயி வண்டியப் பின்னால இழுத்தான்.

"இருந்தது எங்க போச்சு நயினார் சார்? இதே ரூமுதான்."

மேடம் ஊறுகாய்க் கைய இன்னும் கழுவல. அந்தக் கையால பேனர்ல ஒரு அறை.

"விடுங்க."

வண்டி போச்சு. ஒரு சாண். நின்னுது.

"உங்க ஆபீஸ் சுவத்துக்கு எத்தனை கோட்டு அடிச்சீங்க?"

"மூணு."

"தேச்சது யாரு?"

"நான்தான் மேடம். பட்டி போட்டு, உப்புத்தாள் போட்டு... பஸ்ஸுக்குத் தேக்கிற மாதிரி. பாலு மாதிரி இருக்கும். பாக்க வந்தவங்க செருப்பக் கழட்டிட்டு வந்தாங்க."

சொல்லச் சொல்ல அவன் குரல் இறங்கிருச்சு. வண்டிக்குப் பிடிக்க ஒரு புள்ளிகூட இல்லாம தேச்சுட்டோம்னு அவனுக்கே வெளங்கிருச்சு. மேடம் கை கழுவிட்டு வந்தா. ஈரத் துணியால பேனரையும் தொடச்சா.

"ஆனா மேடம், ஆஸ்பத்திரி புதுக் கட்டடம். அடி முதல் முடி வரை வெள்ளை. வண்டிக்கு முன்னால நான் சாம்பார்க் கையோட ஓட முடியுமா?"

"கேண்டீனுக்குப் போயி கண்ணாப்பை வாங்கிட்டு வாங்க."

"பசிக்கா மேடம்? வடை வாங்கியாரவா?"

"வடை வேண்டாம். வடை அரிக்கிற ஓட்டைக் கரண்டி, கண்ணாப்பை."

போனான். கேண்டீன்காரன் லேசுல குடுப்பானா? எண்ணெய் காயுது, ஆராய்ச்சிக்கு வேற கரண்டி இல்லையான்னு கேட்டிருக்கான். வாங்கிட்டு வரும்போது வழியெல்லாம் எண்ணெய் சொட்டு.

மேடம் ஜன்னலச் சாத்துனா. லைட்ட அணைச்சா.

"உங்க போன்ல டார்ச்ச போடுங்க. வண்டி மேல வச்சுப் பிடிங்க. முன்னால கண்ணாப்பையப் பிடிங்க."

பிடிச்சான்.

பேனர் முழுக்கப் புள்ளி புள்ளியா வெளிச்சம் விழுந்துது. வேப்பமரத்தடியில வெயில் விழுமே, அப்படி.

"இப்ப நடங்க."

வண்டி நகந்துது. அவனும் குனிஞ்சபடி கூடவே நடந்தான். புள்ளியும் கூடவே போச்சு.

ஒரு சாண். நின்னுது.

மேடம் ஜன்னலத் தொறந்தா. நயினார் டார்ச்ச அணைச்சான்.

"மேடம், வெள்ளையடிக்கத வெள்ளிக்கிழமை வரைக்குமாவது நிறுத்தி வைங்க."

"சரி."

வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரியிலருந்து ஒரு டாக்டரம்மா வந்தாங்க. பாலு மாதிரி சுவரு. வண்டி மண்டையில டார்ச்சு, அதுக்கு முன்னால செம்புக் கம்பியால கட்டுன கண்ணாப்பை.

"இது என்னது?"

"கண்ணாப்பைம்மா. இப்போதைக்கு இது. பின்னால கண்ணுக்குத் தெரியாத வெளிச்சத்துல புள்ளி போடுவோம்."

அந்தம்மா சிரிக்கல. ஒம்பது தடவ விடச் சொன்னாங்க. ஒம்பது தடவயும் ஒரு சாண்.

"நாலு வண்டி அனுப்புங்க. கரண்டி இல்லாம."

பதினொரு பேருல ஒருத்தன் பாத்ரூமுக்குள்ள போயி அழுதானாம். யாருன்னு இன்னிக்கு வரைக்கும் நயினார் சொல்ல மாட்டேங்கான்.

திங்கக்கிழமை கண்ணாப்பையத் திருப்பிக் குடுக்கப் போனவன், கேண்டீனத் தாண்டி நேரா அந்த ரூமுக்குப் போனான். பெயிண்டருங்க அதே வராந்தாவுல. மேடம் அதே மேசையில.

"என்ன நயினார் சார், ரூமு வேணுமா?"

அவன் சுவத்துக்கிட்ட போயி, அந்த மஞ்சக் கைத்தடத்து மேல தன் கைய வச்சான். விரலுக்கு விரல் பொருந்துச்சு. இன்னொரு கையில கண்ணாப்பை.

பெறகு கைய எடுத்தான். சுவத்த மறைக்காம ஒதுங்கி நின்னான்.

மேடம் வராந்தாப் பக்கம் திரும்பினா.

"அண்ணே, வாளிய உள்ள கொண்டாங்க."