கவர் பிரிக்காத கிரைண்டர்

ஞானப்பிரகாசம் ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். வேலையில் இருந்த காலம் முழுக்க அவரைக் கண்டு முகம் மலர்ந்த பயணி ஒருவர்கூட இல்லை. தூங்குவது போல் நடித்தவர்கள் உண்டு. கழிப்பறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டவர்களும் உண்டு. இனிமேலாவது நாலு பேர் தன்னைத் தேடி வர வேண்டும், தன் பேச்சை நம்பிக் கடையில் ஒரு பொருளை வாங்க வேண்டும் என்று அவருக்கு ஆசை வந்தது. அதற்காக ஒரு வலைப்பூ தொடங்க நினைத்தார்.

பெயர் வைத்தாயிற்று: ‘நேர்மைத் தராசு’. தராசுப் படமும் வரைந்தாயிற்று. போனை நிறுத்தி வைக்க ஸ்டாண்டு, முகத்தில் வெளிச்சம் விழ வட்ட விளக்கு, எல்லாம் வீட்டுக்கு வந்து இறங்கிவிட்டன. ஒரு கிரைண்டரைப் பற்றி முதல் கட்டுரையும் தயார். அதை வெளியிடும் பொத்தானுக்கு நேரே விரலைக் கொண்டுபோவார். விரல் அப்படியே நிற்கும். பிறகு தண்ணீர் குடிக்க எழுந்துபோவார்.

குரு இல்லாமல் இது ஆகாது என்று அவருக்குத் தோன்றியது.

பாலக்கரையில் ஃபரிதா பானு என்று ஒருத்தி இருந்தாள். அவருடைய வயதில் பாதிதான் இருக்கும். சமையலறைச் சாமான்களைப் பற்றி அவள் வலைப்பூவில் எழுதுவதைப் படித்துவிட்டுத்தான் திருச்சியில் பலர் கடைக்குக் கிளம்புவார்கள். ஞானப்பிரகாசம் தட்டில் ஆப்பிளும் வெற்றிலையும் வைத்துக்கொண்டு அவள் வீட்டுப் படியேறினார்.

“குருவே, என்னைச் சீடனா ஏத்துக்கணும்.”

“ஐயோ சார், என்னைப் போய்! முதல்ல உட்காருங்க.”

அவர் உட்காரவில்லை. நின்றபடியே, பள்ளிக்கூடத்துப் பேச்சுப் போட்டி போல, கட்டுரையை வாசித்தார். கல்லின் எடை, மோட்டாரின் சக்தி, பாத்திரத்தின் கொள்ளளவு, உத்தரவாதக் காலம், கண்ணைக் கவரும் நிறம். ‘ஒவ்வோர் இல்லத்திலும் இருக்க வேண்டிய உன்னதப் படைப்பு’ என்று முடித்துவிட்டு நிமிர்ந்தார்.

ஃபரிதா கன்னத்தில் கை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“உளுந்து எப்படி அரையுது சார்?”

“அரைச்சுப் பார்க்கல.”

“சத்தம் எப்படி?”

“கேட்கல.”

“கழுவறதுக்குச் சுலபமா?”

ஞானப்பிரகாசம் குரலைத் தாழ்த்தினார். “இன்னும் கவரே பிரிக்கல, மேடம். அது பொண்ணு கல்யாணத்துக்கு வாங்கின சீர்ச் சாமான். சம்பந்தி வீட்டுக்குப் புதுசாத்தான் போகணும்.”

“அப்ப இவ்வளவும் எதைப் பார்த்து எழுதினீங்க?”

“அட்டைப்பெட்டியைப் பார்த்து.”

ஃபரிதா சிரிக்கவில்லை. அவளுக்கு அவ்வளவு மனக்கட்டுப்பாடு இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும். ஓர் ஆப்பிளை எடுத்துத் துடைத்தபடி கேட்டாள்.

“ரயில் பெட்டிக்கு வெளியே பயணிகள் பட்டியல் ஒட்டியிருப்பாங்களே. அதை மட்டும் பார்த்துட்டு நீங்க இறங்கிப் போனதுண்டா?”

“அதெப்படி? உள்ளே ஏறி, ஆள் ஆளாப் பார்த்தால்ல தெரியும்!”

சொன்ன பிறகு அவருக்கே காது சூடாகிவிட்டது.

“அப்ப எப்படித்தான் ஆரம்பிக்கிறது, குருவே?”

“நாளைக்கு வீட்டுக்கு வர்றேன் சார்” என்றாள்.

மறுநாள் காலை ஃபரிதா பொன்மலைப்பட்டியில் அவர் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். கையில் ஒரு தூக்குவாளி. கூடத்தின் மூலையில் சீர்ச் சாமான்கள் அடுக்கியிருந்தன. கிரைண்டர், மிக்ஸி, இஸ்திரிப் பெட்டி, ஹாட்பாக்ஸ், எல்லாம் பாலித்தீன் உறைக்குள் பத்திரமாக இருந்தன. அவற்றுக்குக் காவல் போல ஞானப்பிரகாசத்தின் மனைவி ஆரோக்கியமேரி பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

“அதுல மட்டும் யாரும் கை வைக்கக் கூடாதும்மா. திண்டுக்கல் சம்பந்தி வீட்டுக்காரங்க ஒண்ணொண்ணாத் திருப்பிப் பார்ப்பாங்க. பழசைக் கொடுத்துட்டாங்கன்னு ஒரு சொல் வந்துடுச்சுன்னா எம் பொண்ணு அங்கே தலை நிமிர முடியாது.”

“கை வைக்கல அம்மா” என்றாள் ஃபரிதா. தூக்குவாளியைத் தரையில் வைத்து மூடியைத் திறந்தாள். உள்ளே உளுந்து ஊறிப் பூரித்திருந்தது.

ஆரோக்கியமேரி எட்டிப் பார்த்தார்.

“எப்ப ஊறப் போட்டே?”

“விடியறதுக்கு முன்னாடியே போட்டுட்டேன்.”

“அப்ப ரொம்ப நேரம் ஆச்சே! இன்னும் விட்டா மாவு காணாதே!”

“ஆமாம்மா.”

“எங்க வீட்டுப் பழைய கிரைண்டர் இருக்கு. அதுல போட்டுக்கோ.”

“இது அந்தக் கிரைண்டருக்காக ஊறப் போட்டது” என்று ஃபரிதா மூலையைக் காட்டினாள். பிறகு கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

நல்ல பிடிவாதம்தான். ஞானப்பிரகாசத்துக்கு வியர்த்தது. மனைவி முகத்தைப் பார்க்கப் பயந்து விட்டத்தைப் பார்த்தார். மகள் அமலி வாயைப் பொத்திக்கொண்டு அடுக்களைக்குள் போய்விட்டாள். ஆரோக்கியமேரி உளுந்தைப் பார்த்தார், கிரைண்டரைப் பார்த்தார், மறுபடி உளுந்தைப் பார்த்தார். ஊறின உளுந்தைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பது அவர் வாழ்நாளில் செய்யாத காரியம்.

“ஏங்க, அந்தக் கத்தரிக்கோலை எடுங்க” என்றார் கடைசியில்.

உறையை ஆரோக்கியமேரியே வெட்டினார். கல்லைக் கழுவினார். புதுக் கல் என்று முதலில் ஒரு பிடி நொய்யைப் போட்டு ஓட்டி, அதைக் கீழே கொட்டினார். அதுவரைக்கும் கிரைண்டர் பூனைக்குட்டி மாதிரி ஓடியது. “பார்த்தீங்களா!” என்றார் ஞானப்பிரகாசம் பெருமையாக.

உளுந்தைப் போட்டார்கள். மாவு திரண்டு வரும் சமயத்தில் பாத்திரத்தின் வேகம் குறைந்தது. கல் தடுமாறியது. மோட்டார் உறுமிக்கொண்டே இருக்க, பாத்திரம் நின்றேவிட்டது. ரப்பர் கருகும் வாடை கூடத்தை நிறைத்தது.

அமலி ஓடிவந்து சுவிட்சை அணைத்தாள்.

ஞானப்பிரகாசம் ‘உன்னதப் படைப்பை’ வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆரோக்கியமேரி மெல்லச் சிலுவைக் குறி போட்டுக்கொண்டார். “மாதாவே! கல்யாணமான மறுவாரம், அந்த வீட்டுல, மாமியார் பக்கத்துல நிக்கும்போது இது இப்படி நின்னிருந்தா?”

“முதல் மாவே அரையலன்னு வருஷக்கணக்காச் சொல்லிக் காட்டியிருப்பாங்கம்மா” என்றாள் அமலி. சொல்லிவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தாள். அவளைப் பார்த்து ஆரோக்கியமேரியும் சிரித்தார். சிரிக்கச் சிரிக்க அவருக்குக் கண்ணீர் வந்துவிட்டது. நெஞ்சில் இருந்த பாரம் அப்படியே இறங்கிப் போனது. “நீ நல்லா இருப்பேம்மா” என்று ஃபரிதாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

மிச்ச உளுந்து பழைய கிரைண்டரில் அரைபட்டது. வாங்கி அதிக நாளாகவில்லை என்பதால், கடைக்காரர் பெல்ட்டைப் பார்த்துவிட்டு மறுபேச்சு இல்லாமல் வேறு கிரைண்டர் கொடுத்தார். அதை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்றே ஆரோக்கியமேரி பிரித்து, இரண்டு தடவை அரைத்து, கழுவிக் காயவைத்தார். மிக்ஸியின் கவரையும் யாரும் கேட்காமலே பிரித்துவிட்டார்.

ஒரு வாரம் கழித்து ஞானப்பிரகாசம் மறுபடியும் பாலக்கரைப் படியேறினார். இந்த முறை தட்டு இல்லை, வெறும் போன்தான். இப்போது நாற்காலியில் உட்கார்ந்தே வாசித்தார்.

‘என் மகள் கல்யாணத்துக்கு ஒரு கிரைண்டர் வாங்கினேன். கவரைப் பிரிக்காமலே அதைப் புகழ்ந்து ஒரு கட்டுரை எழுதினேன். பிரித்தபோது, மாவு திரள்கிற நேரத்தில் நின்றுவிட்டது. கடையில் மாற்றிக் கொடுத்தார்கள். மாற்றிக் கொடுத்தது நன்றாக ஓடுகிறது. மாவு பொங்கி வருகிறது. கல்லைத் தூக்கிக் கழுவுவதுதான் சிரமம், என் மனைவிக்கு மணிக்கட்டு வலிக்கிறது.’

அவ்வளவுதான் கட்டுரை. முடித்துவிட்டுத் தயங்கினார்.

“இதுல நான் ஏமாந்த கதையும் சேர்ந்து வந்துடுதே, குருவே. படிக்கிறவங்க சிரிக்க மாட்டாங்களா?”

“சிரிப்பாங்க சார்.”

“அப்புறம்?”

“அப்புறம் போய் அவங்க வீட்டுக் கவரைப் பிரிப்பாங்க.”

ஞானப்பிரகாசம் போனைப் பார்த்தார். விரலைக் கொண்டுபோனார். இந்தத் தடவை அவருக்குத் தண்ணீர் தாகம் எடுக்கவில்லை. பொத்தானை அமுக்கிவிட்டு நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார். ஃபரிதா தேநீர் கொண்டுவந்து கொடுத்தாள். பாதி குடித்த பிறகு அவருக்கு ஒன்று நினைவுக்கு வந்தது.

“முதல்ல எழுதினேனே, அந்தக் கட்டுரை இன்னும் போன்லயே கிடக்கு. ராத்திரி பகலா உட்கார்ந்து எழுதினது. அழிக்கவும் மனசு வரல, போடவும் மனசு வரல. அதை என்ன செய்யட்டும்?”

ஃபரிதா கொஞ்சம் யோசித்தாள்.

“அதை மட்டும் கவர் பிரிக்காம வச்சிருங்க சார்.”